பொய்க்கதை வேண்டாம் என்கிற அண்ணனுக்கு

கேள்வி இதுதான்: "என் அண்ணன் மண்டபத்தில் விசைப்படகு ஓட்டுகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறார். ஒரு நாவல் கொடுத்தேன். பத்துப் பக்கம் படித்துவிட்டு, 'எல்லாம் பொய்க்கதை' என்று தள்ளிவிட்டார். உண்மையில் நடந்த சாகசப் பயணம், தேடல் பயணம் பற்றி ஆண்கள் விரும்பிப் படிக்கிற புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்."

தங்கச்சி, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன் பக்கம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளும் சாயங்காலம் வலைக்கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார்கள், நான் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்வேன். அதில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். கடல் தெரிந்தவர்களிடம் ஒரு சாகசக் கதையைச் சொன்னால், எழுத்தாளர் எந்த இடத்தில் அளக்கிறார் என்பதைக் கையில் ஊசியோடு தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிவிடுவார்கள். நகரத்துக்காரர்கள் வியந்து படிக்கிற பல புத்தகங்கள் அந்தக் கொட்டகையில் தேறவில்லை. தேறியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அப்புறம், 'ஆண்களுக்கு' என்று போட்டிருக்கிறீர்களே, அது எதற்கு? கடல்பாசி எடுக்கக் குளிக்கிற சின்னப்பாலம் பெண்கள் இரண்டு பேர் கொட்டகை ஓரத்தில் நின்று கேட்பதுண்டு. 'குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்ணுனாங்க?' என்று முதலில் கேட்பது அவர்கள்தான். நல்ல சாகசப் புத்தகத்துக்கும் மோசமானதற்கும் வித்தியாசம் தெரிய அந்த ஒரு கேள்வி போதும். அலை எவ்வளவு உயரம் என்று எழுத யாராலும் முடியும். தண்ணீருக்கும் கயிற்றுக்கும் ஓட்டைக்கும் என்ன செய்தார்கள் என்று எழுத, அங்கே இருந்திருக்க வேண்டும்.

முதலில் 'கான்-டிக்கி'. நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் எழுதியது. 1947 ஏப்ரல் 28 அன்று பெருவின் கய்யாவோ துறைமுகத்திலிருந்து ஆறு பேர் ஒரு தெப்பத்தில் கிளம்பினார்கள். 101 நாள், சுமார் 6,900 கிலோமீட்டர். ஆகஸ்ட் 7 அன்று பசிபிக்கில் ரரோயா என்ற பவளத்திட்டில் மோதிக் கரை சேர்ந்தார்கள். தெப்பம் என்றால் ஒன்பது பால்சா மரங்களைச் சணல் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். ஆணி ஒன்று கிடையாது. சின்ன வயதில் மூழ்கப் பார்த்ததிலிருந்து தலைவர் ஹெயர்டாலுக்குத் தண்ணீர் என்றாலே பயம்.

நான் இதைத் தொடங்கிய அன்றைக்கே ஒரு பெரியவர் மடக்கினார். "பச்சை மரத்திலயா கட்டுனான்? நாங்க கட்டுமரத்தைக் கரையேத்தி அவுத்துப் போட்டுக் காயவைப்போம் சார். ஊறுன மரம் எப்படித் தூக்கும்?" நியாயமான கேள்வி. பெருவில் ஹெயர்டாலிடமும் பலர் இதையேதான் சொன்னார்கள். பால்சா ஊறி முங்கிவிடும், கயிறு இரண்டு வாரத்தில் அறுந்துவிடும் என்றார்கள். ஆனால் பச்சை மரத்துக்குள் இருந்த பால், கடல்நீரை உள்ளே விடாமல் தடுத்தது. பால்சா மெத்தென்ற மரம், அதனால் கயிறு மரத்தை அறுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பதிந்துவிட்டது. மரத்தோடு மரம் உரசும்போது கயிறு நடுவில் மாட்டவே இல்லை. காய்ந்த கெட்டி மரத்தில் கட்டியிருந்தால் கதை வேறு. இதைச் சொல்லியும் பெரியவர் இரண்டு நாள் நம்பவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, "மரமே கயித்துக்கு உறையாயிருச்சு, அப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு கொட்டகையில் அந்தப் புத்தகத்துக்கு எதிர்ப்பே இல்லை. அலை ஏறினால் மர இடுக்கு வழியே தானே இறங்கிவிடும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள். 'கேட்டமரன்' என்று உலகம் பூரா சொல்கிறதே, அது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல் என்று எடுத்துவிட்டதும் நமக்குக் கூடுதல் மதிப்பு.

ஒன்றை மட்டும் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பசிபிக் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து போனவர்கள் என்று காட்டத்தான் ஹெயர்டால் இதைச் செய்தார். அந்தக் கொள்கை நிற்கவில்லை. மொழியும் மரபணுவும் அவர்கள் ஆசியப் பக்கமிருந்து போனவர்கள் என்றே காட்டுகின்றன. கி.பி. 1200 வாக்கில் இரு பக்கத்தாருக்கும் ஏதோ தொடர்பு இருந்தது என்று 2020இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது, அவ்வளவுதான். ஆக, கருத்து தோற்றது, தெப்பம் ஜெயித்தது. புத்தகம் தெப்பத்தைப் பற்றியது என்பதால் குறையொன்றும் இல்லை.

இரண்டாவது 'எண்டூரன்ஸ்'. ஆல்ஃபிரட் லான்சிங் 1959இல் எழுதியது. ஷாக்கிள்டன் தலைமையில் அன்டார்டிகாவுக்குப் போன 28 பேரின் கதை. கப்பல் 1915 ஜனவரியில் பனியில் மாட்டிக்கொண்டது. அக்டோபரில் பனி அதை நெரித்துவிட, எல்லோரும் இறங்கினார்கள். நவம்பரில் கப்பல் மூழ்கியது. அதன் பிறகு மாதக்கணக்கில் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் வாழ்ந்து, பாளம் உடைந்ததும் மூன்று படகில் எலிஃபன்ட் தீவு போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 22 பேரை விட்டுவிட்டு, ஆறு பேர் உதவி தேடி இருபத்திரண்டரை அடிப் படகில் உலகத்திலேயே மோசமான கடலில் சுமார் 800 கடல் மைல் தாண்டி சவுத் ஜார்ஜியா தீவுக்குப் போனார்கள். 1916 ஏப்ரல் 24 முதல் மே 10 வரை. இருபத்திரண்டரை அடி என்பதை நான் கொட்டகைக்கு வெளியே ஏற்றி வைத்திருந்த ஒரு வத்தையை, அதாவது நாட்டுப்படகைக் காட்டித்தான் புரியவைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களைக் கட்டிப்போட்டது இரண்டு ஆட்கள். ஒருவர் வோர்ஸ்லி, திசை பார்த்தவர். அந்தப் பயணம் முழுக்கச் சூரியனைக் கருவியில் பிடிக்க நாலே தடவைதான் முடிந்தது. மற்றதெல்லாம் வேகத்தையும் நீவாட்டையும் (நீரோட்டத்தை அப்படித்தான் சொல்வோம்) மனதுக்குள் கணக்குப் போட்டுப் போனது. தப்பினால் அடுத்த கரை ஆப்பிரிக்காதான். ஜிபிஎஸ் வருவதற்கு முந்தைய காலத்துத் தண்டல்கள், அதாவது படகுத் தலைவர்கள், இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். நட்சத்திரத்தையும் தண்ணீர் நிறத்தையும் வைத்து வீடு வந்து சேர்ந்தவர்கள். வோர்ஸ்லிக்கு அவர்கள் தந்த மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும். இன்னொருவர் மெக்நிஷ், தச்சர். கிடைத்த பலகையில் படகின் விளிம்பை உயர்த்தினார், கேன்வாஸைப் போர்த்தி மேல்தளம் செய்தார். கலப்பத்து அடிக்க, அதாவது பலகை இடுக்கை ஒழுகாமல் அடைக்க, பொருள் இல்லை. விளக்குத் திரியைத் திணித்து, ஓவியர் வைத்திருந்த எண்ணெய் வண்ணத்தையும் கடல்நாய் ரத்தத்தையும் பூசி அடைத்தார். கரையேறிய பிறகு மலை தாண்டப் போனவர்களின் பூட்ஸில் வழுக்காமல் இருக்க, படகிலிருந்து கழற்றிய திருகாணிகளைப் பொருத்தினார்கள். 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். பயணத்தின் நடுவில் தலைவரை எதிர்த்துப் பேசிய மெக்நிஷுக்குத் துருவப் பதக்கம் கிடைக்கவில்லை, அவரோடு இன்னும் மூன்று பேருக்கும்.

அன்று ஒரு படகு ஆசாரி வலையைக் கீழே வைத்துவிட்டு, "படகை ஒழுகாமப் பண்ணுனவனுக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் அந்தக் கோபம் ஆறவில்லை. மூழ்கிய கப்பலை 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தியை அவரிடம் கொண்டுபோனேன். பலகை எல்லாம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்.

மூன்றாவதாக ஸ்டீவன் காலஹன் எழுதிய 'அட்ரிஃப்ட்'. அண்ணன் ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பார் என்றால் இதையே கொடுங்கள். 1982இல் அட்லாண்டிக் நடுவில் தனியாகப் போனவரின் பாய்ப்படகு ராத்திரியில் எதிலோ மோதி மூழ்கிவிட்டது. காற்றடைத்த ரப்பர் மிதவையில் 76 நாள். சூரிய வெப்பத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் சின்னக் கருவி இருந்தது. நாள் முழுக்கப் பாடுபட்டால் அரை லிட்டர் சொச்சம். மிதவைக்கு அடியில் பாசி பிடித்தது, சின்ன மீன் வந்தது, அதைத் தேடிப் பெரிய மீன் வந்தது. மிதக்கிற எதற்கும் கீழே மீன் அடையும் என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனைக் குத்தும்போது மிதவையே கிழிந்து, அதைக் கட்டி அடைக்க அவர் பட்ட பாடு பக்கம் பக்கமாக வருகிறது. நகரத்து நண்பர் ஒருவர் அந்தப் பகுதி அலுப்பு என்றார். கொட்டகையில் அதைத்தான் மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், கெட்டுப்போகாது. குவாதலூப் பக்கம் மீனவர்கள் மூன்று பேர் கடலில் பறவைகள் வட்டமிடுவதைப் பார்த்து மீன் இருக்கிறது என்று அந்தப் பக்கம் படகைத் திருப்பினார்கள். வந்து பார்த்தால் மீனுக்கு நடுவில் இந்த மனிதர். இவர் என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் முதலில் மீனைப் பிடியுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார். 76 நாள் கிடந்தவர், அவர்கள் பிடித்து முடிக்கும்வரை மிதவையில் உட்கார்ந்திருந்தார். "பாட்டைக் கெடுக்காத மனுசன்" என்று ஒருவர் சொன்னார். பாடு என்றால் அன்றைக்குக் கிடைக்கிற மீன். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை.

1968இல் தொடங்கிய, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தைப் பற்றி இரண்டு புத்தகங்கள் உண்டு. அவற்றை ஜோடியாகப் படிக்க வேண்டும். ஒன்று ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எழுதிய 'எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்'. அவர் போன 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. பயணத்தின் தொடக்கத்திலேயே அது ஒழுக ஆரம்பித்தது. மனிதர் நடுக்கடலில் முங்கி, பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே செப்புத் தகடு அடித்தார். நடுவில் ஒரு சுறா சுற்றிச்சுற்றி வர, மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். 312 நாளில் ஊர் திரும்பினார். கிளம்பிய ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தது அவர் ஒருவர்தான்.

இன்னொன்று டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் பற்றி டோமாலினும் ஹாலும் 1970இல் எழுதியது. அந்த மனிதர் கடன் வாங்கி, தயாராகாத படகில் கிளம்பிவிட்டார். தென்கடலுக்குப் போக அது தாங்காது, திரும்பினால் கடனும் மானமும் போய்விடும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவது போல வானொலியில் பொய் இடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் படகு ஆளில்லாமல் மிதந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் கதையைக் கொட்டகையில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். கடன் வாங்கி டீசல் போட்டு, பாடு இல்லாமல் திரும்புகிற நாள் எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மனம் சரியில்லாத நேரத்தில் இதைக் கொடுக்க வேண்டாம்.

சிரித்துப் படிக்க ஜோஷுவா ஸ்லோகம் இருக்கிறார். முதன்முதலாகத் தனியாளாக உலகைச் சுற்றியவர், 1895 முதல் 1898 வரை. தரையில் கிடந்த பழைய படகைத் தானே 13 மாதம் உழைத்து, 553 டாலர் சொச்சம் செலவில் புதிதாக்கினார். ஒரு டாலர் தகரக் கடிகாரம்தான் கையில். நீச்சல் தெரியாது. தென் அமெரிக்காவின் நுனியில், ராத்திரி படகில் ஏறுகிற அந்தப் பக்கத்துப் பழங்குடியினருக்காகத் தளம் முழுக்கக் கம்பளம் அடிக்கும் ஆணிகளைத் தூவிவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு குதித்தார்கள். உலகம் பூரா சிரிக்கிற இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை. "அது அவுக கடல்தானே சார்?" என்றார் ஒருவர். அத்தனை வருஷம் புவியியல் நடத்தியும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

அன்னபூரணி என்ற பாய்க்கப்பலையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். எதிர்க்கரையில் வல்வெட்டித்துறையில் கட்டியது. ஓர் அமெரிக்கர் அதை வாங்க, தமிழ் மாலுமிகள் ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இதைச் சொன்ன அன்றைக்குக் கொட்டகையில் உட்கார இடமில்லை.

நம் கடலே வருகிற பழைய புத்தகங்களும் இருக்கின்றன. மொராக்கோப் பயணி இபின் பதூதா 1340களில் இலங்கையிலிருந்து இந்தக் கரைக்கு வரும்போது கப்பல் ஆழமில்லாத இடத்தில் தட்டிவிட்டது. மற்றவர்கள் தெப்பம் கட்டிப் போய்விட, அவர் ராத்திரி முழுக்கக் கப்பலின் பின்பக்கத்தில் கிடந்தார். காலையில் கரையிலிருந்து ஆட்கள் படகில் வந்து ஏற்றிக்கொண்டார்கள். அவர் சொல்கிற 'பத்தன்' துறைமுகம் நம் பெரியபட்டினம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மார்க்கோ போலோ முத்துக் குளிப்பை எழுதியிருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தானாம். ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அது என்று நான் நினைக்கிறேன். இந்த வேலை செய்தவருக்குத் தமிழில் 'கடல்கட்டி' என்று பெயரே இருந்தது. இந்த இரண்டையும் முழுசாகப் படிக்கச் சொல்லாதீர்கள், நம் பக்கம் வரும் அத்தியாயங்கள் போதும்.

சங்கு குளிக்கிற ஆள் வீட்டில் இருந்தால், கடலுக்கடியில் முங்கிப் பழகிய பிரெஞ்சுக்காரர் கூஸ்டோவின் 'த சைலன்ட் வேர்ல்ட்'. அதில் ஒரு ஊற்றுக் குகைக்குள் அவர் சாகப் போன இடத்தை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள். கம்ப்ரசர் தன் சொந்தப் புகையையே இழுத்துச் சிலிண்டரில் அடைத்திருந்ததுதான் காரணம். கம்ப்ரசர் காற்றில் முங்குகிறவர் கேட்டே ஆக வேண்டிய கதை.

தரைக்கதைகள் எங்கள் பக்கம் அவ்வளவாக ஓடவில்லை. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் அதில் சுடுவதைவிடக் காத்திருப்பது அதிகம். கென்னத் ஆண்டர்சன் சேலம், தர்மபுரிக் காடுகளைப் பற்றி எழுதுவதால் ஊர்ப் பெயர்கள் பழகியவை. கொஞ்சம் அளப்பார், பரவாயில்லை. அன்னபூர்ணா மலையேறிய ஹெர்சோக்கின் புத்தகம் பிரமாதம். ஆனால் விரல்களெல்லாம் போய், ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி எழுதவைத்தது. கூடப் போனவர்களின் குறிப்புகள் பின்னால் வந்தபோது சில இடங்கள் வேறு மாதிரி இருந்தன.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். 'த லாங் வாக்' என்று, சைபீரிய முகாமிலிருந்து தப்பி இந்தியாவரை நடந்தே வந்ததாக ஒரு போலந்துக்காரர் சொன்ன புத்தகம். நிஜக்கதை அடுக்கில்தான் விற்கிறது. அவரை 1942இல் பொது மன்னிப்பில் விடுவித்ததாக சோவியத் ஆவணங்கள் காட்டுகின்றன என்று 2006இல் பிபிசி வெளியிட்டது. பாலைவனத்தில் அத்தனை நாள் தண்ணீரில்லாமல் நடந்ததாக அதில் வருகிறது. பாசி எடுக்கிற அந்த அக்கா, பிபிசி வரைக்கும் போகாமலே, "அது எப்படி?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் சொன்னதில் பெரும்பாலானது இங்கிலீஷ். அண்ணனுக்கு அது சிரமம் என்றால் நீங்கள் படித்துவிட்டுச் சாப்பிடும்போது சொல்லுங்கள், நான் செய்வதும் அதுதான். நேராகத் தமிழில் வேண்டுமென்றால் ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் கோட்டையூர்க்காரர். காந்தியைப் படம்பிடித்த பிலிம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம், உலகப் போர் மூளுகிற நேரத்தில், கண்டம் கண்டமாகத் தேடிப்போய்ச் சேர்த்து 1940இல் படமாக வெளியிட்டார். அந்தத் தேடலின் கதை. அலை இல்லை, புலி இல்லை, ஆனால் ஒரு இடத்தில்கூட அளப்பு இல்லை. அண்ணன் பொய்க்கதை என்று தள்ள வழியே இருக்காது.

'அட்ரிஃப்ட்'டும் 'எண்டூரன்ஸ்'ஸும் என்னிடம் இருக்கின்றன. பாம்பன் பக்கம் வந்தால் சாயங்காலம் கொட்டகைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஜூன் 14க்குள் திருப்பித் தந்தால் போதும். 'எண்டூரன்ஸ்'ஸில் மெக்நிஷ் கலப்பத்து அடிக்கிற பக்கத்தில் மீன் செதில் ஒட்டியிருக்கும். அந்த ஆசாரி திரும்பத் திரும்பக் கேட்டு விரல் வைத்த இடம். சுரண்டிப் பார்த்தேன், எழுத்தும் சேர்ந்து வருகிறது. அப்படியே விட்டுவிடுங்கள்.